பலகைக்கு ஒரு கெடு

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடிப்பது ஒரு தனித் தொழில். இதைச் செய்யும் நிறுவனங்கள் இரவு பகல் பாராமல் தொலைபேசியை எடுக்கும். திருடன் கதவை நெம்பியிருக்கலாம், தீயணைப்பு வீரர்கள் கோடரியால் பிளந்திருக்கலாம், கலவரத்தில் கடையின் முகப்பு நொறுங்கியிருக்கலாம், கட்டுப்பாடிழந்த கார் வீட்டுக்குள்ளேயே புகுந்திருக்கலாம். எதுவானாலும் பிளைவுட்டும் ரம்பமும் ஏற்றிய வேன் வந்து நின்றுவிடும். நம்மூர் வாசகருக்கு இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று தோன்றும். நம் ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருக்கிறது. கண்ணாடி போனால் கொசுவும் சாரலும் வரும், ஆள் வர முடியாது. அந்த நாடுகளில் பெரும்பாலான வீடுகளின் ஜன்னலில் கம்பி கிடையாது. கண்ணாடி உடைந்தால் சுவரில் ஆளுயரத் துளை விழுந்ததாகத்தான் அர்த்தம். ஆகவே அங்கே பலகை அவசரத் தேவை. அது நிஜமாகவே காவல் காக்கிறதா, எவ்வளவு நாளைக்குக் காக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கிடைக்கிற சான்றுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் சில நாள்களுக்குப் பலகையைப்போல மலிவான, பயனுள்ள காவல் வேறில்லை என்றும், மாதங்கள் கடந்த பிறகு அதே பலகை தான் காக்க வந்த வீட்டுக்கே எதிராக வேலை செய்கிறது என்றும் தெரிகிறது. பலகை நல்லதா கெட்டதா என்ற வாதம் ஓயாமல் நடப்பதற்குக் காரணம், இரு தரப்பும் வெவ்வேறு காலத்துப் பலகையைப் பற்றிப் பேசுவதுதான்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். மோசமாகச் செய்யப்படும் பலகை வேலை எது என்பது தெரியாமல் மற்றதைப் பேச முடியாது. சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடித் துண்டுகளைத் தடித்த கையுறையோடு பிடுங்கி, கீழே சிதறியதைப் பெருக்கி அள்ளிய பிறகே அளவெடுப்பார்கள். சோம்பேறித்தனமான முறை, பலகையை வெளியிலிருந்து ஜன்னல் சட்டத்தின்மேல் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போவது. கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் அது கையோடு வந்துவிடும், சட்டமும் பாழாகும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் பரிந்துரைத்த முறை வேறு. அரை அங்குலக் கனமுள்ள, மழை தாங்கும் பிளைவுட்டைத் திறப்பின் அளவுக்கு வெட்டி வெளியே பொருத்த வேண்டும். உள்ளே, திறப்பைவிட நீளமான இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டங்களைக் குறுக்காக வைக்க வேண்டும். பிறகு பலகையையும் சட்டங்களையும் துளைத்து நீண்ட போல்ட்டைச் செருகி, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு முறுக்க வேண்டும். வெளியே தெரிவது போல்ட்டின் உருண்டைத் தலை மட்டும். அதில் ஸ்பானர் பிடிக்காது, திருப்புளி வைக்கவும் காடி இருக்காது. பலகையை வெளியே இழுத்தாலும் உள்ளிருக்கும் சட்டங்கள் சுவரில் தட்டி நிற்கும். எல்லா வாசலையும் இப்படி உள்ளிருந்தே முறுக்கிவிட்டால் வேலைக்காரர் எப்படி வெளியே வருவது? அதற்காக ஒரு கதவை மட்டும் கொண்டியும் பூட்டும் வைத்து விட்டுவிடுவார்கள். தெருக்காரர் யாராவது உடைக்க நினைத்தால் அந்தக் கதவில்தான் கைவைப்பார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவசரம் உண்மையானதுதானா, காலையில் நிதானமாகச் செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். திருட்டைப் பொறுத்தவரை ஆகாது. கனடாவின் சஸ்கட்டூன் நகரத்துத் திருட்டுப் பதிவுகளை வைத்து 1991இல் வெளியான ஆய்வு, ஒருமுறை திருடு போன வீட்டில் அடுத்த ஒரு மாதத்துக்குள் மறுபடியும் திருடு போகும் வாய்ப்பு வழக்கமானதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. அப்படி அந்த மாதத்துக்குள் நடந்த இரண்டாம் திருட்டுகளில் பாதி, முதல் ஏழு நாள்களிலேயே நடந்திருந்தன. காரணம் ஊகிக்கக்கூடியதே. வந்தவனுக்கு வழி தெரிந்துவிட்டது. எதையெல்லாம் தூக்க முடியாமல் விட்டுப்போனோம் என்பதும் தெரியும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கிர்க்கோல்ட் குடியிருப்பில் 1980களின் பிற்பாதியில் இந்த உண்மையின்மீதே ஒரு திட்டம் கட்டப்பட்டது. திருடு போன வீடுகளை உடனே பலப்படுத்தினார்கள். காசு போட்டு இயக்கும் எரிவாயு, மின்சார மீட்டர்களை அகற்றினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளைக் கண்காணிப்பில் சேர்த்தார்கள். ஐந்தே மாதத்தில் திருட்டு முன்பிருந்ததில் நாற்பது விழுக்காட்டுக்கு இறங்கியது. பல காரியங்களை ஒன்றாகச் செய்த திட்டம் இது. பெருமை முழுவதையும் பலகைக்கோ பூட்டுக்கோ கொடுத்துவிட முடியாது. ஆனாலும் ஆபத்து முதல் வாரத்தில் குவிந்திருக்கிறது என்னும்போது, அந்த வாரத்துக்குள் துளையை அடைப்பவருக்குக் கொடுக்கும் கூலி வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

புயலில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. காற்று வீசும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தால் மழை உள்ளே வருவது சிறிய நட்டம்தான். காற்று உள்ளே புகுந்து வீட்டுக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. வெளியே கூரைமேல் ஓடும் காற்று அதை உறிஞ்சுகிறது. கீழிருந்து தள்ளும் விசையும் மேலிருந்து இழுக்கும் விசையும் சேர்ந்தால் கூரை கழன்று போகும். அமெரிக்கக் கட்டடப் பொறியாளர்களின் காற்றுச்சுமைக் கணக்கில் மூடிய கட்டடத்துக்கு உள்ளழுத்தக் கெழு 0.18, ஒருபக்கம் திறந்துபோன கட்டடத்துக்கு 0.55. ஒரு ஜன்னல் உடைவதால் உள்ளழுத்தம் மூன்று மடங்காகிறது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி தென் புளோரிடாவைத் தாக்கியபோது கிடைத்த கசப்பான பாடங்களில் இதுவும் ஒன்று. அதன் பிறகு அங்கே வந்த விதிப்படி, புயல் தடுப்பு ஷட்டர்கள் ஒரு சோதனையில் தேற வேண்டும். ஒன்பது பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை விநாடிக்கு ஐம்பது அடி வேகத்தில் பீரங்கியால் எறிவார்கள். அது துளைத்துக்கொண்டு போகக்கூடாது. வசதியில்லாதவருக்கு அமெரிக்கக் கட்டட விதிகள் பல இடங்களில் மாற்றும் காட்டுகின்றன. உயரம் குறைந்த வீடுகளில், எட்டடி அகலத்துக்கு மேற்படாத திறப்புக்குப் பதினாறில் ஏழு பங்கு அங்குலக் கனமுள்ள பலகை போதும். ஆனால் முன்கூட்டியே வெட்டி, துளையிட்டு, திருகாணியோடு தயாராக இருக்க வேண்டும். கண்ணாடியில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டுவது வெறும் நம்பிக்கை. அது கண்ணாடியைப் பலப்படுத்தாது. உடையும்போது துண்டுகளைப் பெரிதாக்கி வேண்டுமானால் விடும். அமெரிக்கச் சூறாவளி மையம் இதை எத்தனை முறை சொன்னாலும், புயலுக்கு முந்தைய மாலையில் கடைகளில் முதலில் தீர்ந்துபோவதில் டேப்பும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் பலகைக்கு ஆதரவான வாதம். அதன் பலவீனம் இங்கேதான் தொடங்குகிறது. புயல் பலகையைப் புயல் போனதும் கழற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கழற்றாமல் விட்டால் தீப்பிடிக்கும் இரவில் ஜன்னல் வழியாகத் தப்ப முடியாது. மற்றப் பலகைகளுக்கு அப்படி ஒரு முடிவு தேதி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பலகை அடித்த மறுநாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரருக்கு நேற்றிருந்த பதற்றம் இன்று இல்லை. மழை வராது, ஆள் வர மாட்டான். காப்பீட்டு நிறுவனம் அவசரச் செலவைக் கொடுத்துவிட்டது. மீதிக் கோரிக்கையை ஆற அமரப் பரிசீலிக்கலாம். வீடு வங்கி ஏலத்தில் இருந்தால் பழைய உரிமையாளர் எட்டிப் பார்க்க மாட்டார். வங்கிக்கோ வீடு இன்னும் தன் பெயருக்கு வரவில்லை. நகராட்சியின் புகார்ப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேரே ‘அடைக்கப்பட்டது’ என்று எழுதியாயிற்று. திருடனிடம் பலகை உண்டாக்கும் மாற்றத்தைவிட இவர்கள் எல்லாரிடமும் உண்டாக்கும் மாற்றம் பெரிது என்பேன். அவசரமாக வந்த பொருள் எல்லாருடைய அவசரத்தையும் தீர்த்து வைத்துவிடுகிறது. ஜன்னல் மட்டும் அப்படியே கிடக்கிறது.

தெருவில் போகிறவன் இதைப் படித்துக்கொள்ள அதிக நாள் ஆவதில்லை. புதுப் பலகை, ‘இங்கே ஏதோ நடந்தது, ஆள் வந்து பார்த்திருக்கிறார்’ என்கிறது. மழையில் கறுத்து, ஓரம் பிரிந்து, மேலே போஸ்டர் ஒட்டிய பலகை, ‘இங்கே யாரும் வருவதில்லை’ என்கிறது. பிலடெல்பியா நகரம் இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. பெரும்பாலான வீடுகளில் ஆள் குடியிருக்கும் தெருக்களில், கைவிடப்பட்ட கட்டடத்தின் திறப்புகளைப் பலகையால் மூடினால் போதாது. திறந்து மூடக்கூடிய கதவும் கண்ணாடி ஜன்னலும் வைக்க வேண்டும் என்ற ஆணையை 2011 முதல் அமல்படுத்தியது. வைக்காத ஒவ்வொரு திறப்புக்கும் நாளொன்றுக்கு 300 டாலர் வரை அபராதம். நோட்டீஸ் போன 2,356 கட்டடங்களில் 676இன் உரிமையாளர்களே கீழ்ப்படிந்தார்கள்; மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கீழ்ப்படிந்த கட்டடங்களைச் சுற்றித் தாக்குதல்களும் துப்பாக்கித் தாக்குதல்களும் குறைந்ததாக 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த இடத்தில் எழக்கூடிய ஆட்சேபம் வலுவானது. கதவும் ஜன்னலும் போடுகிற உரிமையாளர் எப்படிப்பட்டவர்? கையில் பணம் உள்ளவர், அல்லது அந்தத் தெரு விலையேறப் போகிறது என்று மோப்பம் பிடித்தவர். ஏற்கனவே நிமிர்ந்துகொண்டிருக்கும் தெருவில் குற்றம் குறைவதைக் கண்ணாடியின் கணக்கில் எழுதலாமா? 2015 ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. பின்னால் அதே நகரத்தில் நடந்த பரிசோதனை சொல்கிறது. கைவிடப்பட்ட 258 வீடுகளை 63 தொகுதிகளாக்கி, எந்தத் தொகுதிக்கு என்ன செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கதவும் ஜன்னலும் பொருத்தி, குப்பையை அள்ளி, புதரை வெட்டினார்கள். இன்னொன்றுக்குக் குப்பை அள்ளியதோடு சரி. மூன்றாவதை அப்படியே விட்டார்கள். இங்கே உரிமையாளரின் பணமோ மோப்பமோ குறுக்கே வர வழியில்லை. ஜாமா உள்மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி முழுச் சீரமைப்புச் செய்த இடங்களில் துப்பாக்கித் தாக்குதல்கள் ஏறத்தாழ 13 விழுக்காடும், ஆயுதக் குற்றங்கள் 8 விழுக்காடும், துப்பாக்கிச் சூடுகள் 7 விழுக்காடும் குறைந்தன. போதைப்பொருள் சார்ந்த குற்றங்களில் மாற்றம் தென்படவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னார்கள் என்பதால் மற்ற எண்களை நம்பத் தோன்றுகிறது.

உடைந்த ஜன்னல் என்றதும் 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் அட்லாண்டிக் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை நினைப்பவர்கள், இதுவும் அந்தப் பாதைதானே என்று சந்தேகப்படுவார்கள். அந்தக் கட்டுரையின் பெயரால் நியூயார்க்கில் சில்லறைக் குற்றங்களுக்கெல்லாம் ஆளைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். அதன் சுமை ஏழைகள்மீதும் கறுப்பின இளைஞர்கள்மீதும் விழுந்தது. சந்தேகம் நியாயமானதே. ஆனால் பிலடெல்பியாவில் யாரும் கைதாகவில்லை. அங்கே போனவர்கள் தச்சரும் கண்ணாடி வேலைக்காரரும், போலீஸ்காரர் அல்ல. உடைந்த ஜன்னல் என்ற உவமையை எடுத்துக்கொண்டு மனிதர்களைத் திருத்தப் புறப்பட்டவர்கள், கடைசிவரை ஜன்னலைப் பழுதுபார்க்கவில்லை என்பது விசித்திரம்.

தீயை எடுத்துக்கொண்டால் நீண்ட காலப் பலகையின் கேடு உயிர்க்கணக்காகிறது. வீடற்றவர்கள் குளிருக்குப் பின்பக்கத்துப் பலகை ஒன்றைப் பிரித்து உள்ளே போய்விடுகிறார்கள். மெழுகுவத்தியோ அடுப்போ அங்கே வெளிச்சமும் வெப்பமும் தருகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3 அன்று எரிந்த பழைய குளிர்பதனக் கிடங்கு நேரடியாகப் பலகையின் கதை அல்ல. ஏறக்குறைய ஜன்னலே இல்லாமல் கட்டப்பட்ட கட்டடம் அது. ஆனால் எல்லாத் திறப்பையும் அடைத்த கட்டடத்தில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. உள்ளே தங்கியிருந்த இருவரின் மெழுகுவத்தி கவிழ்ந்து தீப்பிடித்தது. அவர்கள் உள்ளேயே இருக்கலாம் என்று தேடப் போன வீரர்களும், அவர்களைத் தேடப் போனவர்களுமாக ஆறு பேர் திரும்பவில்லை. புகை வெளியேற வழியில்லாததால் கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. பல அமெரிக்க நகரங்களில் ஆபத்தான காலிக் கட்டடங்களின் முகப்பில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போடும் வழக்கம் இப்படிப்பட்ட சாவுகளால் பரவியது. பால்டிமோரில் 2022 ஜனவரியில் ஒரு காலி வீடு இடிந்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். ‘பலகை இல்லாவிட்டால் இன்னும் அதிகம் பேர் உள்ளே போவார்களே’ என்று எதிர்வாதம் செய்யலாம். திறந்து கிடக்கும் வீட்டோடு ஒப்பிட்டால் சரி. ஒப்பிட வேண்டியது கண்ணாடி போட்ட வீட்டோடு. அங்கே ஆள் இருந்தால் தெருவிலிருந்தே வெளிச்சம் தெரியும், தீ வந்தால் வீரர் ஒரே அடியில் திறந்து புகையை வெளியே விடலாம்.

பலகையின் அவலட்சணத்தை மட்டும் ஒழித்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. 1983இல் நியூயார்க் மேயர் எட் காச்சின் நிர்வாகம், தென் பிராங்ஸில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாழடைந்து கிடந்த அடுக்குமாடிகளின் திறப்புகளில் திரைச்சீலை, பூந்தொட்டி, ஜன்னல் கதவு எல்லாம் அச்சடித்த வினைல் தாள்களை ஒட்டியது. காரில் விரைந்து போகிறவருக்கு அங்கே குடும்பங்கள் வாழ்வதுபோல் தெரியும். பக்கத்திலேயே வாழ்ந்த குடும்பங்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 2020இல் போலீஸ் வன்முறைக்கு எதிராக நடந்த போராட்டங்களின்போது கடைகளின் பலகைகளில் வரைந்த ஓவியங்கள் வேறு வகை. அவை தெருக்காரர்களே பேசியவை, சில வாரங்களில் இறங்கியவை.

ஒஹாயோ மாநிலம் பொருளையே மாற்றிப் பார்த்தது. அடமானக் கடன் நெருக்கடியில் கிளீவ்லாந்து போன்ற நகரங்கள் பலகைத் தெருக்களாகிப் போன அனுபவத்தின் மேல், ஏலத்துக்கு வந்த காலி வீடுகளுக்குப் பிளைவுட் அடிக்கக்கூடாது என்று 2017 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் சொன்னது. பதிலுக்கு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு. அமெரிக்க வீட்டுக்கடன் சந்தையின் பெரும்புள்ளியான ஃபேனி மே 2016 இறுதியிலேயே தன் வசமுள்ள வீடுகளுக்கு அதை ஏற்றுக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து கண்ணாடிபோல் இருக்கும், சுத்தியலால் அடித்தாலும் உடையாது, உள்ளே நடப்பது போலீஸ்காரருக்குத் தெரியும். விலை பிளைவுட்டைவிடப் பல மடங்கு. தீயணைப்பு வீரருக்கோ இது தலைவலி. கோடரிக்கு மசியாது, ரம்பம் கொண்டு அறுக்க வேண்டும். இவ்வளவும் சரி என்றே வைத்துக்கொண்டாலும், தகடு தெருவுக்குச் சொல்லும் சேதியைத்தான் மாற்றுகிறது. உரிமையாளரின் சோம்பலை அது தொடவில்லை. பலகையைவிட அழகாக இருப்பதால் அந்தச் சோம்பல் கூடலாம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1993இல் வெளியிட்ட கையேடு, பழமையான கட்டடங்களைப் பல ஆண்டுகள், பத்தாண்டு வரைகூட, மூடி வைத்துக் காப்பாற்றலாம் என்கிறது. பலகை காலத்தால் கெடுகிறது என்றால் இது எப்படி? கையேட்டை ஊன்றிப் படித்தால் விடை கிடைக்கும். பலகையில் காற்றுத் துவாரம் வைக்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்துக் கட்டடம் உள்ளிருந்தே அழுகும். பூச்சு அடிக்கச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறித்த இடைவெளியில் ஆள் வந்து உள்ளே நடந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்கிறது. அதாவது அங்கே கட்டடத்தைக் காப்பது வந்து போகும் ஆள். பலகை அவருக்குத் துணை. சாதாரணக் காலி வீட்டில் பலகை அடிப்பதே ஆள் வராமலிருப்பதற்காகத்தான்.

இப்போதுள்ள சட்டங்கள் பலகையை அடிக்கும் நேரத்தில் கறாராக இருக்கின்றன. இங்கிலாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டம், ஆளில்லாத கட்டடத்தை அடைக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் தருகிறது. உரிமையாளருக்கு 48 மணி நேர அறிவிப்பு, அவசரமானால் அதுவும் வேண்டாம், செலவை அவரிடமே வசூலிக்கலாம். அமெரிக்காவின் வழக்கமான வீட்டுக் காப்பீடு, சேதம் மேலும் பரவாமல் தடுக்க நியாயமான பழுதுபார்ப்பை உடனே செய்து கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. பலகையை எடுக்கும் நேரத்தைப் பற்றி எவருக்கும் அவசரமில்லை. இத்தனைக்கும் காலத்தின் அருமையைக் காப்பீட்டுக்காரர் நன்றாகவே அறிவார். அதே பத்திரத்தில், வீடு 60 நாள்களுக்குமேல் தொடர்ந்து காலியாகக் கிடந்தால் விஷமிகள் செய்யும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்.

அந்த 60 நாளையே பலகைக்கும் கெடுவாக வைக்கலாம். அடிக்கும்போதே தேதியைப் பலகையில் எழுதி, நகராட்சியின் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். கெடு முடிந்தால் நகராட்சியே கதவும் ஜன்னலும் பொருத்திச் செலவைச் சொத்தின்மீது ஏற்ற வேண்டும். ஏழை உரிமையாளர் என்ன செய்வார் என்றால், பிலடெல்பியாவின் அபராதத்துக்கு மூன்றில் இரண்டு பேர் மசியவில்லை என்பதே பதில். இல்லாதவரிடம் நாளுக்கு 300 டாலர் கேட்பதைவிட, அந்தப் பரிசோதனையில் செய்ததுபோல் பொதுப் பணத்தில் ஜன்னலைப் போட்டுவிட்டு, வீடு விற்கும் அன்று கழித்துக்கொள்வது நடக்கக்கூடியது. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்குப் புது ஜன்னல் என்று கேட்பவர் இருப்பார். இடிப்பதானால் இடிக்கும் தேதியை அந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிடட்டும்; அதுவரை பலகையே இருக்கலாம்.